அலுவலகக் கணினியும் ஊழியரின் அந்தரங்கமும்

அலுவலகக் கணினியை வாங்கித் தருவது நிறுவனம். இணைய இணைப்புக்குப் பணம் கட்டுவதும் நிறுவனம். ஆகவே அதில் நடப்பது அனைத்தையும் பார்க்கும் உரிமை தனக்கு உண்டு என்று நிர்வாகம் கருதுகிறது. எந்த இணையதளங்கள் திறக்கப்பட்டன, விசைப்பலகையில் என்ன தட்டப்பட்டது, எவ்வளவு நேரம் மவுஸ் அசையவில்லை என்றெல்லாம் குறித்துவைக்கும் மென்பொருள்கள் பல உண்டு. சில மென்பொருள்கள் குறித்த இடைவெளியில் திரையையே படம்பிடிக்கின்றன. கொரோனா காலத்தில் வேலை வீட்டுக்கு வந்தபோது இந்தக் கண்காணிப்பும் கூடவே வந்தது.

கண்காணிப்புக்கு நியாயமான காரணங்கள் உண்டு. வாடிக்கையாளரின் விவரங்கள் கசியக் கூடாது. தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாது. வங்கியில் யாருடைய கணக்கை எந்த ஊழியர் திறந்து பார்த்தார் என்ற பதிவு கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால், இந்தத் தேவையைச் சொல்லி ஊழியரின் சொந்தக் கடிதங்களையும் படிக்கலாமா?

இந்தக் கேள்வி ருமேனியாவிலிருந்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனது. புகாரெஸ்டில் ஒரு தனியார் நிறுவனத்தின் விற்பனைப் பொறியாளர், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல நிறுவனம் கேட்டபடி யாஹூ மெசஞ்சரில் கணக்குத் தொடங்கினார். 2007 ஜூலையில் நிறுவனம் அதைச் சில நாட்கள் கண்காணித்தது. வேலைக்கு மட்டுமே பயன்படுத்தியதாக அவர் எழுதிக் கொடுத்ததும், 45 பக்க உரையாடல் பதிவை அவர்முன் வைத்தது. தம்முடைய சகோதரருடனும், மணக்கவிருந்த பெண்ணுடனும் அவர் பரிமாறிய செய்திகள் அதில் இருந்தன. உடல்நலம் பற்றிய அந்தரங்கமான பேச்சும் இருந்தது. அடுத்த மாதமே அவர் வேலையை இழந்தார். ருமேனிய நீதிமன்றங்களும் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

2016இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் நிறுவனத்தின் செயலில் தவறு காணவில்லை. 2017 செப்டம்பர் 5 அன்று அதே நீதிமன்றத்தின் பேரமர்வு, 11க்கு 6 என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது: அவருடைய அந்தரங்க உரிமையை ருமேனிய நீதிமன்றங்கள் காக்கத் தவறிவிட்டன. சொந்த உபயோகம் கூடாது என்ற விதி அவருக்குத் தெரியும்; ஆனால் செய்திகளின் உள்ளடக்கமே படிக்கப்படும் என்று முன்கூட்டிச் சொல்லப்படவில்லை.

கண்காணிப்பை எடைபோட அந்தத் தீர்ப்பு வகுத்த அளவுகோல்கள் எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும். ஊழியருக்கு முன்பே தெரிவிக்கப்பட்டதா? எவ்வளவு காலம், எந்த அளவு? அதற்கு உரிய காரணம் உண்டா? உள்ளடக்கத்தைத் தொடாமலே நோக்கம் நிறைவேறுமா? கிடைத்த தகவல் எதற்குப் பயன்பட்டது? ஊழியருக்குப் பாதுகாப்பு என்ன?

வேலையின் அளவைக் கணிக்கவும் கண்காணிப்பு மென்பொருள்கள் சரியான கருவிகள் அல்ல. ஒரு புரோகிராமர் தாளில் வரைந்து யோசிக்கும் 20 நிமிடத்தை, மவுஸ் அசைவை எண்ணும் மென்பொருள் ‘சும்மா இருந்த நேரம்’ என்றே பதியும்.

இந்தியாவில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. ஆயினும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலைவாய்ப்புத் தொடர்பான தேவைகளுக்கும் நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தரவை அவர் ஒப்புதல் இல்லாமலே கையாள இடம் தருகிறது. எனவே நிர்வாகத்தின் பொறுப்பு கூடுகிறது. எதைப் பார்க்கிறோம், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்போம் என்பதை வேலையில் சேரும் நாளிலேயே ஊழியருக்குப் புரியும்படி எழுதித் தர வேண்டும். சொல்லாமல் செய்யும் கண்காணிப்பு, சட்டம் அனுமதித்தாலும் அறமாகாது.