ஸ்டீவி இன்னும் பிரபலம் ஆகாத ராத்திரி

சத்தம் போடாமல் பின்வாசல் வழியாக வாருங்கள். டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரம், ஆறாவது தெரு, ‘ஸ்டீம்போட் 1874’ கிளப். தேதி 1980 ஏப்ரல் 1. ஆமாம், முட்டாள்கள் தினமேதான்! மேடையில் நிற்கிற 25 வயதுப் பையன் பெயர் ஸ்டீவி ரே வான். அவன் பெயரில் இதுவரை ஓர் ஆல்பம்கூட வெளிவந்ததில்லை. ஊரில் வான் என்றால், ‘ஃபேபுலஸ் தண்டர்பேர்ட்ஸ்’ குழுவில் கிதார் வாசிக்கும் அண்ணன் ஜிம்மியின் பெயரையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். ஆனால் இன்றைக்குத் தம்பியின் கச்சேரி கேஎல்பிஜே எஃப்எம்மில் நேரடி ஒலிபரப்பு. (அந்த எல்பிஜே, சாட்சாத் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த லிண்டன் பி. ஜான்சன்தான். அவர் குடும்பத்து வானொலியில் ப்ளூஸ் முழங்குகிறது!)

அந்த ஒலிபரப்பின் பதிவுதான் பின்னாளில் ‘இன் த பிகினிங்’ என்ற ஆல்பமாக வந்தது. ரசிகர்களுக்கு அது புதையல்.

முதல் உருப்படி ‘இன் தி ஓப்பன்’. ப்ளூஸ் கலைஞர் ஃப்ரெடி கிங்கின் வாத்தியப் பாட்டு. வாய்ப்பாட்டு கிடையாது, கிதார் மட்டும் பேசும். நல்ல வேளை! ஏனென்றால் மேடையில் பாட்டுப் பொறுப்பு முழுவதும் இவன் தலையில் விழுந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. குழுவின் பாடகி லூ ஆன் பார்ட்டன் 1979 கடைசியில் விலகிப் போய்விட்டார். சாக்ஸஃபோன்காரரும் அதற்கு முன்பே கிளம்பியாயிற்று. மிஞ்சியது மூன்றே பேர். டிரம்ஸில் கிறிஸ் லேட்டன், பேஸில் ஜாக்கி நியூஹவுஸ், நடுவில் ஸ்டீவி. குழுவின் பெயர் ‘டபுள் டிரபுள்’. ப்ளூஸ் பாடகர் ஓட்டிஸ் ரஷ்ஷின் பாட்டொன்றிலிருந்து எடுத்தது.

இந்த மூவர் கணக்கில்தான் விஷயமே இருக்கிறது. பியானோ கிடையாது, இன்னொரு கிதார் கிடையாது. தனி ஆவர்த்தனத்தில் இறங்கினால் பின்னால் தாளக் கட்டு யார் பிடிப்பது? இவனேதான்! மேல் கம்பிகளில் கீச்சென்று ஏறிய கை, அடுத்த நொடியே கீழ்க் கம்பிகளுக்கு வந்து கும்மென்று ஒரு கார்டு அடித்துவிட்டு மறுபடி ஏறுகிறது. ஒரே ஆள் தவிலும் நாகஸ்வரமும் வாசிக்கிற மாதிரி. பின்னாளில் உலகமே வாயைப் பிளந்து பார்த்த ‘ஸ்டீவி பாணி’ என்பது இந்த ஆள்பற்றாக்குறையில் பழுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து இன்னொரு குஷி. ‘ஸ்லைட் திங்’ என்று ஒரு துண்டு. விரலில் குழாயை மாட்டிக் கம்பிமேல் வழுக்கிவிடும் வாசிப்பு. ஸ்டீவியின் பிரபலமான ஆல்பங்களில் இதைத் தேடினால் கண்ணில் படுவதே அபூர்வம். இங்கே இரண்டாவது உருப்படியாகவே அள்ளிக் கொட்டுகிறான்.

குரல்? கொஞ்சம் அவசரம், கொஞ்சம் தொண்டை கட்டிய கரகரப்பு. ‘ஆல் யுவர் லவ்’வில் ஓட்டிஸ் ரஷ்ஷை எட்டிப் பிடிக்கத் தாவுகிறான், எல்லா இடத்திலும் பிடிபடவில்லை. அதனாலென்ன! வரி முடிவதற்குள் கிதார் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுகிறதே.

பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1981 தொடக்கத்தில் நியூஹவுஸின் இடத்துக்கு டாமி ஷானன் வந்தார். 1982 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ இசை விழாவில் கூட்டத்தில் ஒரு பகுதி ‘பூ’ என்று கூச்சலிட்டது. அதே இடத்தில் பாடகர் டேவிட் போவி அசந்துபோனார், இன்னொரு பாடகர் ஜாக்சன் பிரவுன் தன் ஸ்டுடியோவையே இலவசமாகத் திறந்துவிட்டார். 1983-ல் முதல் ஆல்பம் ‘டெக்சஸ் ஃப்ளட்’. அவ்வளவுதான், வானம் ஏறியாயிற்று. 1990 ஆகஸ்டில் ஹெலிகாப்டர் விபத்தில் ஸ்டீவி போனபோது வயது 35. இரண்டு வருடம் கழித்துத்தான் ஸ்டீம்போட் பதிவு கடைக்கு வந்தது.

சரி, இப்போது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு குறும்பு செய்யுங்கள். ‘லவ் ஸ்டரக் பேபி’ இந்த ராத்திரியிலும் உண்டு, ‘டெக்சஸ் ஃப்ளட்’டின் முதல் பாட்டாகவும் உண்டு. அடுத்தடுத்து ஓடவிடுங்கள். ஸ்டுடியோவில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நிற்கும் பாட்டு, இங்கே வியர்வையோடு ஓடிவருகிறது. என் ஓட்டு 1980-க்கு, கையெழுத்துப் போட்டே தருகிறேன்! ஆனால் ‘டின் பேன் ஆலி’ வந்ததும் கட்சி மாறிவிடுவேன். நிதானப் பாட்டு அது. 1984 ஆல்பத்தில் ஒன்பது நிமிடம், ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் விட்டு, அவசரமே இல்லாமல் வாசித்திருப்பார். ஸ்டீம்போட் பையனுக்கு அந்தப் பொறுமை இன்னும் வரவில்லை. வாசிக்க அவ்வளவு விஷயம் கைவசம் வைத்திருக்கிறவன் 25 வயதில் எப்படிப் பொறுத்திருப்பான்?