மலைநாட்டு வீட்டின் புகைக்கூடு

கொழும்பிலிருந்து வீடு பார்க்க வரும் எங்கள் உறவினர்கள் "ஏசி எங்கே?" என்று கேட்பதுண்டு. 1868 மீற்றர் உயரத்தில், சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவிலுள்ள நுவரெலியாவில் அதற்கு வேலையில்லை. இங்குள்ள பழைய துரைமார் பங்களாக்களில் பார்க்கவேண்டியது நெருப்படுப்பும் புகைக்கூடும்தான்.

வாப்பா முதலில் கடதாசித் துண்டொன்றைக் கொளுத்தி அடுப்பில் வைப்பார். குளிர்ந்த புகைக்கூடு முதலில் சற்றுப் புகையைத் திருப்பும். சூடேறிய பின்னும் அறைக்குள் திரும்பினால் பறவைக் கூடோ, படிந்த கரியோ அடைத்திருக்கலாம். இது கண் எரிச்சலோடு முடியும் காரியமல்ல. காற்றோட்டமற்ற அறையில் கரி எரிந்தால் காபனோரொட்சைட்டு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணையும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம். உறங்குபவர் விழிக்காமலே போகலாம். குளிருக்குப் பயந்து யன்னல்களை அடைத்துக் கரிச்சட்டியை உள்ளே வைப்பவர்களுக்கும் இதே ஆபத்துத்தான்.

ஹட்டன் பக்கமென்றால் தென்மேல் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில் போய்ப் பாருங்கள். பெப்ரவரி வெயிலில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான்! அலுமாரியையும் நகர்த்திப் பாருங்கள். பூஞ்சணம் அதன் பின்னால் இருக்கும். சரிவான காணியானால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.