துணைநின்ற கலைஞர்

மேனாட்டு இசையரங்கில் பாடுவோரை உலகம் போற்றும். அவர்க்குத் துணையாகப் பியானோ வாசிப்போரை நினைப்பவர் சிலரே. அத்துணைமையும் உயர்ந்த கலையே என நிலைநாட்டியவர் ஜெரால்டு மூர் என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

இவர் 1899ஆம் ஆண்டில் வாட்ஃபோர்டு என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் கனடாவில் வாழ்ந்து, பின்னர்த் தாயகம் திரும்பினார். ஜான் கோட்ஸ் என்னும் பாடகரிடம் பெற்ற பயிற்சியே தம் கலையைப் பண்படுத்தியது என்று நன்றியுடன் கூறுவார்.

துணைவாசிப்போர் பணி எளிதன்று. பாட்டின் பொருளை உணர்தல் வேண்டும். பாடுவோர் மூச்சு வாங்கும் இடம் அறிதல் வேண்டும். அவர் குரலுக்கேற்பச் சுருதியை மாற்றி வாசித்தலும் வேண்டும். ஒத்திகையில் சொல்லின் ஒலிப்பையும் காலஅளவையும் திருத்தி, ஆசிரியராகவும் விளங்குவோர் உளர். ஷூபர்ட் 1815இல் இசையமைத்த 'எர்ல்கோனிக்' என்னும் பாட்டில், நள்ளிரவில் விரையும் குதிரையின் குளம்பொலியைப் பியானோவே எழுப்பும். ஆயினும், தந்தையின் அணைப்பிலிருந்து அஞ்சி அலறும் சிறுவனின் சொற்களை அவ்வொலி மறைத்தல் ஆகாது. 'என் வாசிப்பு மிகுந்து ஒலிக்கின்றதோ?' என்னும் பொருள்படவே, மூர் 1962இல் வெளியிட்ட தம் வாழ்க்கை வரலாற்றுக்குப் பெயரிட்டார். அவ்வினா அவர் நெஞ்சில் என்றும் இருந்தது.

எனினும், அடக்கம் வேறு, தாழ்வுணர்ச்சி வேறு. துணைவாசிப்போர் நாணவேண்டுவதில்லை என்பதை 1943இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே அவர் அறிவித்தார்.

1967ஆம் ஆண்டில் இலண்டனில் அவருக்கு விடையளிப்பு விழா நிகழ்ந்தது. புகழ்மிக்க பாடகர் மூவர் பாடினர். முடிவில் மூர் தனித்தமர்ந்து, இசைக்கு நன்றி நவிலும் ஷூபர்ட்டின் பாட்டொன்றைக் குரலின்றி வாசித்தார். வாழ்நாளெல்லாம் பிறர் குரலைத் தாங்கிய விரல்கள் அன்று தாமே பாடின.

பிறர் சிறக்கத் துணைநிற்றலும் சிறப்பே அன்றோ?