டிசம்பரா, மார்ச்சா?

மார்கழிப் பனி போதாது, கொட்டுற பனியைப் பார்க்கணும் என்று மகள் கேட்டு ரெண்டு வருஷமாச்சு. டிசம்பர் லீவில் நார்வேயின் டிரோம்சோ என்று முடிவு செய்தோம். டிக்கெட் போடும் முன் அட்சரேகையைப் பார்த்தேன். ராசிங்காபுரம் 10 டிகிரி, டிரோம்சோ 69.6.

பூமி 23.4 டிகிரி சாய்ந்து சுற்றுவதால், 66.5-ஐத் தாண்டி நல்லா வடக்கே போனால் டிசம்பரில் சூரியன் தொடுவானத்துக்கு மேலே வராது. டிரோம்சோவில் நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை இதே கதைதான். நண்பகலில் சில மணி நேரம் நீல வெளிச்சம், அவ்வளவே. இங்கே மேற்கு மலை மறைத்து வெயில் சீக்கிரம் போனாலே அப்பாவுக்கு மனசு சரியிருக்காது. அவரோ குளிரைத்தான் நினைத்துப் பயந்துகொண்டிருந்தார்! வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் இருப்பதால் கரையோர டிரோம்சோவில் ஜனவரி சராசரி மைனஸ் 4-ஐ ஒட்டித்தான். உள்நாட்டுக் காராஷோக்கில் மைனஸ் 40 கூடத் தொடும்.

மார்ச் 20 வாக்கில் அங்கேயும் இங்கேயும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். பனியும் தரையில் கனமாகக் கிடக்கும். இரவு இருப்பதால் துருவ ஒளிக்கும் வாய்ப்புண்டு. ஆண்டுத் தேர்வுதான் இடிக்கிறது. பள்ளியில் தேதி கேட்டிருக்கிறேன். ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேணும். அப்பாவிடம் மார்ச் என்று சொல்லியாச்சு.