ஸ்பானிய ஏவலில் திரியும் உயிர்

ஸ்பானிய மொழியிற் 'பென்சார்' என்பது சிந்தித்தலைக் குறிக்கும் வினை. நண்பனை ஏவுங்கால் அது 'பியென்சா' என்றாகும். மூத்தோரிடத்தோ 'பியென்சே' எனல் வேண்டும். ஈற்றுயிர் ஒன்று பிறழின் மரியாதையே கெடும்.

வினையடியிலுள்ள எகரம் 'இயெ' எனத் திரிவதேன்? ஒலியழுத்தம் அதன்மீது விழுவதே காரணம். ஸ்பெயினில் நண்பர் பலரை ஏவும் 'பென்சாத்' என்னுஞ் சொல்லில் அழுத்தம் ஈற்றசைக்குச் சென்றுவிடுகின்றது. எகரம் திரியாது நிற்கின்றது. உறங்குதலைச் சுட்டும் 'தோர்மிர்' என்பதும் அவ்வாறே. ஒருவனை ஏவின் 'துவெர்மே', பலரை ஏவின் 'தோர்மித்'. ஆர்ஜென்டீனாவில் தோழன் ஒருவனிடமே, ஈற்றை அழுத்தி, 'பென்சா' என்பர். ஆங்கும் எகரம் திரிவதில்லை.

ஆகவே, பட்டியல்களோடு மல்லாடும் மாணாக்கர் முதலிற் செவியைப் பழக்குதல் நன்று. 'வா' எனப் பொருள்படும் 'வென்' போன்ற சில குறுஞ்சொற்கள் மட்டும், அழுத்தம் பெற்றும் திரியா; அவற்றை மனனஞ் செய்தேயாக வேண்டும்.