மதுரை ரெயில் நிலையமும் மகாத்மாவின் அரையாடையும்

மதுரை ரெயில் நிலையத்தில் வந்திறங்கும் யாத்திரிகர்கள் கோயில் கோபுரத்தைத் தேடிக் கிழக்கு நோக்கி விரைகின்றனர். அது இயல்பே. ஆயினும், தேச சரித்திரத்தில் கருத்துள்ளவர்கள் அந்நிலையத்திலேயே சற்று நின்று சிந்தித்தல் தகும்.

தென்னிந்திய ரெயில்வே கம்பெனியார் திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்கு 1875-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அமைத்தனர். மறு ஆண்டில் அது தூத்துக்குடித் துறைமுகத்தை எட்டியது. விருதுநகர், சாத்தூர் வழியே செல்லும் அப்பாதை, பருத்தி விளையும் கரிசல் சமவெளியை ஊடறுத்துச் செல்வது. நம் குடியானவனின் பருத்தி கப்பலேறவும், அந்நிய ஆலைத் துணி நம் கடைவீதிகளில் வந்து குவியவும் அப்பாதை வசதியாயிற்று. ஹார்வி சகோதரர்கள் 1892-இல் மதுரையில் நிறுவிய நூற்பாலையும் நிலையத்தின் அருகிலேயே எழுந்தது. பருத்தி நம்முடையது, ஆதாயமோ பிறருடையது.

இந்நிலையில்தான் 1921 செப்டம்பரில் மகாத்மா காந்தி சென்னையினின்று ரெயிலில் மதுரைக்கு வந்தார். அவருடன் பிரயாணம் செய்துவந்த மௌலானா முகமது அலி, அம்மாதம் 14-ந் தேதி வால்டேரில் கைது செய்யப்பட்டிருந்தார். மதுரை வண்டியில் இருந்த ஜனங்களோ அதைப் பற்றிய கவலை சிறிதுமின்றி அந்நியத் துணி உடுத்தியிருந்தனர். கதர் அணியுமாறு மகாத்மா அவர்களை வேண்டினார். கதர் விலை அதிகம், ஏழைகளாகிய தங்களால் வாங்க இயலாது என்று அவர்கள் தலையசைத்துவிட்டனர். அப்பொழுது அவர் உடலில் சட்டையும் தொப்பியும் முழு வேட்டியும் இருந்தன. அம்மறுமொழி அவர் உள்ளத்தைத் தைத்தது. 22-ந் தேதி காலை, மேலமாசி வீதி இல்லத்தினின்று அரையாடையுடன் வெளிவந்தார். 1948-இல் உயிர் நீத்தவரை அக்கோலத்தை அவர் மாற்றவேயில்லை. நிலையத்தினின்று சிறிது தூரமே நடந்தால் காணக்கூடிய அவ்வில்லத்தில், பிற்காலத்தில் கதர் அங்காடி அமைந்தது பொருத்தமே.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? ஜனங்களுக்கு உபதேசிக்கச் சென்ற தலைவர், அவர்கள் கூறிய பதிலுக்குச் செவிசாய்த்தார். ஏழையைக் கடிந்துகொள்ளாமல் தம்மையே மாற்றிக்கொண்டார். தேசத் தொண்டின் இலக்கணம் இதுவே.

மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளின் துன்பங்களை 1917-லேயே மகாத்மா எழுதி வெளியிட்டார். மூன்றாம் வகுப்பு என்னும் பெயர் 1974-இல் ஒழிந்தது. ஆனால் முன்பதிவில்லாப் பெட்டிகளில் நெருக்குண்டு நிற்போரைக் காண்பவர்கள், பெயர் போயிற்றேயன்றித் துன்பம் போகவில்லை என்பதை உணர்வர். மதுரை நிலையத்தைப் புதுப்பிக்க 2022 மே 26-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. புதுக் கட்டிடத்தை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அதன் பெருமையை முகப்பின் அழகைக்கொண்டு அளத்தலாகாது. கூலி வேலைக்குச் செல்லும் சகோதரிக்கும், மூட்டையோடு வரும் குடியானவனுக்கும் நிழலும், குடிநீரும், அமர இடமும் கிடைக்கின்றனவா என்பதே உரைகல்.

பொதுக்கூட்டங்களுக்காக மதுரைக்குச் செல்லும் தேசத் தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு முறையேனும் அப்பெட்டியில் பிரயாணம் செய்யுங்கள். மேடையேறிப் பேசுமுன், அங்குள்ளோர் கூறுவதைக் கேளுங்கள்.