மண்ணுக்கு வந்த பணம் – 11: கன அடி 83 ரூபாய்

பாரம்பரிய வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் ஹெக்டேருக்கு மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 31,500 ரூபாய், அதில் விவசாயியின் கணக்கில் நேராக விழுவது 15,000. போன வாரக் கதை இவ்வளவுதான். விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஆயக்குடிக் கொய்யாவும் அங்ககச் சான்றும் என்று சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் ஒருங்கிணைந்த தோட்டக்கலை இயக்கத்தின் 2014 வழிகாட்டியை எடுத்தேன். மண்புழு உரத்தைப் பற்றிய ஒரு வரியில் மாட்டிக்கொண்டேன்.

இயற்கை வழியில் பழமோ காய்கறியோ பயிரிடுகிறவருக்கு அந்த வழிகாட்டி இரண்டு வகைப் புழு வீட்டுக்குப் பணம் கொடுத்தது. ஒன்று சிமென்ட் தொட்டி: நீளம் 30 அடி, அகலம் 8, உயரம் இரண்டரை. மதிப்பு 1,00,000 ரூபாய், மானியம் பாதி. இன்னொன்று பிளாஸ்டிக் இழையில் நெய்த படுக்கை, நம் ஆட்கள் 'புழுப் பை' என்பது: 12 அடி, 4 அடி, 2 அடி. மதிப்பு 16,000 ரூபாய், இதற்கும் பாதி. பார்த்தால் சம்பந்தமில்லாத இரண்டு தொகை. சும்மா பெருக்கிப் பார்த்தேன். தொட்டி 600 கன அடி, பை 96 கன அடி. 50,000ஐ 600ஆல் வகுத்தால் 83 ரூபாய் 33 காசு. 8,000ஐ 96ஆல் வகுத்தாலும் 83 ரூபாய் 33 காசு! காசு பிசகவில்லை. செங்கல், சிமென்ட், கொத்தனார் கூலி ஒரு பக்கம். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறக்கூடிய பை இன்னொரு பக்கம். புழு குடியிருக்கும் இடத்துக்கு டெல்லியில் யாரோ ஒருவர் ஒரே வாடகை போட்டிருக்கிறார். எழுதியவர் தெரிந்து செய்தாரா, தற்செயலா? தெரிந்துதான் செய்திருப்பார் என்று நம்பவே எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னும் கொஞ்சம் தோண்டினால் அந்தப் பைக்கு இந்தியத் தர நிர்ணய எண்ணே இருக்கிறது: ஐ.எஸ். 15907, ஆண்டு 2010. அதன் இனம் உரமல்ல, வேளாண் ஜவுளி. ஜவுளி! நூற்பாலைச் சங்குக்கு எழுந்து தூங்கும் வேடசந்தூர்ப் பக்கத்து ஆட்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சேலை, வேட்டி, திரைச்சீலை, அப்புறம் மண்புழுவின் மெத்தை. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் மண்புழு உரத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த ஜவுளிச் சங்கதி பழசாக இருக்கும்.

ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு முருங்கைத் தோட்டத்தில் இந்தப் பை ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நான்கு பக்கமும் துணியிலேயே தைத்த உறை. அதற்குள் சவுக்குக் கம்பு செருகித்தான் பை நிற்கிறது. பக்கவாட்டில் கொசுவலை வைத்த சின்ன ஜன்னல்கள், புழுவுக்குக் காற்று போக. அடியில் ஓரமாக ஒரு துளை. அதில் வடியும் கறுப்புத் தண்ணீரைப் பெயிண்ட் வாளியில் பிடிக்கிறார்கள். மேலே ஈரச்சாக்கு. சாக்கைத் தூக்கினதும் புழுக்கள் வெளிச்சத்துக்குப் பயந்து சரசரவென்று கீழே இறங்கின.

அதே தோட்டத்தில் சிமென்ட் தொட்டியும் உண்டு. அதற்குப் பின்னால் ஒரு வழக்கு. 30 அடி, 8 அடி என்று தாளில் இருந்ததை அப்படியே கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறார் தோட்டக்காரர். கொத்தனார் ஒன்பது அங்குலச் சுவர் வைத்து, வெளிவாட்டத்தில் 30 பிடித்துக் கட்டிவிட்டார். அளக்க வந்தவர் டேப்பை உள்ளே போட்டிருக்கிறார்.

"வெளியில புடிச்சா முப்பது சார். உள்ள புடிச்சா இருபத்தெட்டரை. புழு உள்ளதானேய்யா இருக்கு, சுவத்துக்குள்ளயா இருக்குன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல?"

உள்ளளவு இருபத்தெட்டரைக்கு ஆறரை, உயரம் இரண்டரை. 463 கன அடி. அளவுக்குத் தக்கபடிதான் மானியம் என்பதால் கணக்கு 38,600 ரூபாய்க்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. சுவர் தின்றது 11,400. வழிகாட்டியின் அந்த வரியில் உள்ளளவா வெளியளவா என்று ஒரு சொல்லும் இல்லை. கட்டப் போகிறவர்கள் எதற்கும் உள்ளே 30 வைத்துக் கட்டுங்கள். பைக்கு இந்த வம்பே கிடையாது, துணிக்கு ஏது தடிமன்?

இடம் தீர்ந்துகொண்டு வருகிறது, சான்றிதழுக்கு வருகிறேன். அதே 2014 வழிகாட்டியில் இயற்கை விவசாயத்துக்கு மாறுகிறவருக்கு ஹெக்டேருக்கு 10,000 ரூபாய்: முதல் ஆண்டு 4,000, அடுத்த இரண்டு ஆண்டும் 3,000. ஒருவருக்கு 4 ஹெக்டேர் வரைதான். சான்றுக்கு, 50 ஹெக்டேர் கொண்ட ஒரு தொகுப்புக்கு 5 லட்சம்: ஒன்றரை, ஒன்றரை, இரண்டு. கை சும்மா இருக்கவில்லை, இதையும் வகுத்தேன். ஹெக்டேருக்கு 10,000! மண்ணைத் திருத்துகிறவனுக்கு எவ்வளவோ, திருத்தினான் என்று எழுதும் தாளுக்கும் அவ்வளவு. புழு விஷயத்தில் சமத்துவம் பார்த்து ரசித்தேன், இங்கே ரசிக்க முடியவில்லை. விளைச்சல் படுத்துவிடும் முதல் ஆண்டில் உழவனுக்கு ஏக்கருக்கு 1,600 ரூபாய்தான் வந்தது. சாணியும் வெல்லமும் வாங்கிப் பஞ்சகவ்யம் போடவே அது சரியாகப் போகும், களையெடுக்க வருகிற ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது? போன வாரத் திட்டம் இந்த இடத்தில் தேவலை: அங்கே உழவனுக்கு 15,000, சான்றுக்கும் எச்சப் பரிசோதனைக்கும் 3,000.

தாளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மருந்தடித்த முருங்கையும் அடிக்காத முருங்கையும் ஒரே ஏலத்தில்தான் போகின்றன, ஒரே லாரியில்தான் கேரளா ஏறுகின்றன. தனி விலை கேட்க வேண்டுமானால் கையில் தாள் வேண்டும். அதைக் கொடுக்கும் அரசுத் துறை 2007 முதல் கோவையில் இருக்கிறது. ஓராண்டுப் பயிரானால் விதைப்புக்கு முன் இரண்டு ஆண்டும், பல்லாண்டுப் பயிரானால் முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டும் நிலம் ரசாயனம் படாமல் இருக்க வேண்டும் என்பது தேசிய விதி. கொய்யாவுக்கு மூன்று என்பதில் சண்டையில்லை. முருங்கைக்கு? பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொடுத்த பி.கே.எம்.1 விதை போட்ட ஆறாவது மாதமே காய்க்கிறது. வெட்டிவிட்டால் மறுபடி துளிர்த்து மூன்று ஆண்டு வரை நிற்கிறது. அதை எந்தப் பட்டியலில் சேர்ப்பது, யார் சேர்ப்பது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம். கொய்யாவும் அப்போதுதான்.